முறைமன்ற நடுவருக்கு எழுதும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியது

இரண்டு வருஷத்துக்கு முன், ஆனி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவர். "சாரே, ஓடை வெள்ளம் புரையிடத்துக்குள்ள ஏறுது. நாலு தடவை எழுதிக் குடுத்தாச்சு. இனி ஆம்புட்ஸ்மேனுக்குத்தான் எழுதணும்னு பேரன் சொல்லுதான்" என்றார். புரையிடம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டு மனை. கவரைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு மனுக்களின் நகலும் இருந்தன. ஒன்றில்கூட அலுவலக முத்திரை இல்லை, தேதி இல்லை, எண் இல்லை.

நான் பேரூராட்சி அலுவலகங்களில் இளநிலை உதவியாளராகத் தொடங்கி, செயல் அலுவலராக ஓய்வு பெற்றவன். முறைமன்ற நடுவத்திலிருந்து, அதாவது உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்திலிருந்து, வரும் கடிதங்களுக்கு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் தயாரித்தவன். அதனால் அந்த நான்கு காகிதங்களையும் பார்த்தபோது மனசு கனத்துப் போனது. அந்த அம்மா நாலு தடவை நடந்தது உண்மை. ஆனால் அலுவலகத்தின் பதிவேட்டில் அவர் ஒருமுறைகூட வரவே இல்லை.

ஆம்புட்ஸ்மேன் என்று பேச்சில் சொல்வதைத்தான் அரசுத் தமிழில் முறைமன்ற நடுவர் என்கிறோம். 1809இல் சுவீடனில் பிறந்த ஏற்பாடு இது. நம் நாட்டில் 13ஆவது நிதிக்குழு, 2010 முதல் 2015 வரையிலான காலத்தில் உள்ளாட்சிகளுக்கான செயல்திறன் மானியத்துக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மாநிலங்கள் உள்ளாட்சிகளுக்குத் தனியாக ஒரு சுதந்திரமான ஆம்புட்ஸ்மேனை ஏற்படுத்த வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2014இல் வந்தது. நம் குமரி மாவட்ட எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2000ஆம் ஆண்டே இது வந்துவிட்டது. பாறசாலையில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், "அங்கே நஷ்டஈடே வாங்கிக் கொடுத்தாங்களே" என்று என்னிடம் கேட்பதுண்டு. அது அவர்கள் சட்டம். அங்கே கேட்ட கதையை வைத்து இங்கே மனு எழுத வேண்டாம்.

நம் சட்டம் பார்ப்பது இரண்டு விஷயங்களை: ஊழல், நிர்வாகச் சீர்கேடு. இந்த இரண்டாவது சொல்லை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடை அடைத்துக் கிடப்பது ஒரு குறை. அதைச் சரிசெய்யச் சொல்லி நீங்கள் கொடுத்த மனுவை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பது நிர்வாகச் சீர்கேடு. அடுத்த தெருவில் செய்துவிட்டு உங்கள் தெருவைக் காரணமில்லாமல் விட்டுவிடுவதும் அதில்தான் சேரும். ஆம்புட்ஸ்மேன் மண்வெட்டியோடு வந்து ஓடையைத் தோண்டப் போவதில்லை. உங்கள் கோரிக்கையை அலுவலகம் என்ன செய்தது என்றுதான் அவர் கேட்பார். அப்படியென்றால், நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு முதலில் சாட்சி வேண்டும் அல்லவா?

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். புகாரின் நகலோடு சென்னையிலிருந்து கடிதம் வரும். குறிப்பிட்ட தேதிக்குள் பதில் கேட்டிருப்பார்கள். செயல் அலுவலர் முதலில் செய்வது, பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டுத் தபால் பதிவேட்டையும், எழுத்தர் தன்னிடம் வரும் தாள்களைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டையும் எடுத்து வரச் சொல்வதுதான். மனு அதில் ஏறியிருந்தால் அதற்கு ந.க. எண் என்ற கோப்பு எண் இருக்கும், கோப்பு இருக்கும், யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது தெரியும். அதை யாராலும் மறைக்க முடியாது. மனு பதிவேட்டில் இல்லையென்றால் பதில் ஒரே வரி: "மனுதாரரிடமிருந்து இவ்வலுவலகத்தில் மனு ஏதும் பெறப்படவில்லை." நானே அந்த வரியை எழுதியிருக்கிறேன். பதிவேட்டின்படி அது உண்மையும்கூட. ஆனால் அந்த மனிதர் வந்து கொடுத்திருப்பார், யாரோ வாங்கி மேசையில் போட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இன்று நான் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

ஆகவே மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகையோடு அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் செய்து பதிவு செய்தாலும் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் காலண்டர் தாளிலாவது குறித்து வையுங்கள்.

அப்புறம், யாரிடம் கொடுக்கிறோம் என்பது. நம் மாவட்டத்தில் இது பெரிய சிக்கல். மற்ற மாவட்டங்களைப் போல ஊர், வயல், அடுத்த ஊர் என்று இங்கே பிரிந்து கிடக்காது. வீடுகள் தொடர்ச்சியாகப் போகும். ரோட்டின் இடது பக்கம் பேரூராட்சி, வலது பக்கம் ஊராட்சி. 2019இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. அதற்குப் பிறகு கொல்லங்கோடு நகராட்சி ஆனது. பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடை பேரூராட்சியுடையது, ஆனால் அது போய் விழும் சானல் நீர்வளத்துறையுடையது, பக்கத்து ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. தவறான இடத்துக்கு எழுதிய புகார், "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். உங்கள் வீட்டுவரி ரசீதில் இருக்கும் பெயர்தான் உங்கள் உள்ளாட்சி. ரோடும் ஓடையும் யாருடையது என்று தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதே சட்டத்தில் கோப்பின் நகலையும் கேட்கலாம். வேலை நடந்ததாகச் சொன்னால் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் கேளுங்கள். எத்தனை மீட்டர் ஓடை கட்டினார்கள் என்று அதில் இருக்கும். நாடாவைப் பிடித்து நீங்களே அளந்து பார்க்கலாம்.

ஒரு நண்பர் எட்டுப் பக்கத்துக்குப் புகார் எழுதியிருந்தார். தலைவர், கவுன்சிலர், கான்ட்ராக்டர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் திட்டியிருந்தார். கோபம் நியாயமானது. ஆனால் எட்டுப் பக்கத்தில் ஒரு தேதி இல்லை. அதை ஒன்றரைப் பக்கமாக்கினோம். எந்தத் தேதியில் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன், அவ்வளவுதான். எல்லைத் தகராறையும் பக்கத்து வீட்டுக்காரரையும் எடுத்துவிட்டோம். அவை சிவில் கோர்ட்டுக்கு உரியவை. வேலையைச் செய்து தர யாராவது இப்போது லஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தால், பணம் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். கையும் களவுமாகப் பிடிக்க அவர்களால்தான் முடியும்.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது மனுவை ஒப்புகையோடு அனுப்பினோம். இரண்டு மாதம் பதில் இல்லை. கோப்பின் நகல் கேட்டு வாங்கினோம். "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. குறை நிவர்த்தி செய்யப்பட்டது" என்று எழுதிக் கோப்பை முடித்திருந்தார்கள். அந்தத் தேதியில் யாரும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் வெள்ளம் ஏறியதைப் பேரன் எடுத்த போட்டோ, தேதியோடு இருந்தது. இரண்டையும் சேர்த்து முறைமன்ற நடுவருக்கு அனுப்பினோம்.

அலுவலகத்துக்குக் கடிதம் போன பத்தாவது நாள் ஆட்கள் வந்து ஓடையைத் தோண்டி, உடைந்த சிலாப்பை மாற்றினார்கள். அம்மா மறுபடி வந்தார். "ஓடை சரியாயிட்டு சாரே. மனுவை வாபஸ் வாங்கிரட்டா? அவங்களும் பாவம்" என்றார். வேண்டாம் அம்மா என்றேன். ஓடை சரியாகிவிட்டது, ஆனால் போகாத இடத்துக்குப் போனதாக எழுதிய குறிப்பு கோப்பில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு காகிதங்களை அந்தக் கவருக்குள்ளேயே திரும்ப வைத்து, விசாரணைத் தேதி என்றைக்கு என்று கேட்டார்.