ஒப்புகைச் சீட்டு எங்கே, அம்மா?

காவிரி டெல்டாவில் இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர் நான். முதியோர் உதவித்தொகை வரவில்லை, விதவை உதவித்தொகை நின்றுபோச்சு, வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு இருக்கா?" பெரும்பாலும் இருப்பதில்லை. போன வாரம் வந்த அம்மாவிடமும் இல்லை. அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், நடவு வேலை. கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ரேஷன் கார்டு நகல், லேமினேட் செய்த இறப்புச் சான்றிதழ், ஓரம் மடங்கிய இரண்டு பாஸ்போர்ட் போட்டோ. அப்புறம் ஒரு பெரிய போட்டோ: பொங்கலுக்கு ஊர் நற்பணி மன்றம் அரிசிப் பை கொடுத்தபோது எடுத்தது. பையின் ஒரு முனையை இவர் பிடித்திருக்கிறார், மறுமுனையை ஆறு பேர் பிடித்திருக்கிறார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததற்கு மட்டும் ஒரு துண்டுத் தாள் இல்லை. "அதெல்லாம் தம்பி பாத்துக்கிறேன்னு சொல்லிச்சு வக்கீலம்மா" என்றார். தம்பி அந்த மன்றத்துப் பொறுப்பாளர். 'ஆபீஸ் செலவு' என்று 3,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

விசாரித்துப் பார்த்தால் விண்ணப்பம் போயிருக்கிறது, நிராகரிக்கப்பட்டும் இருக்கிறது. அதில் பதிந்திருந்த கைப்பேசி எண் தம்பியுடையது. குறுஞ்செய்தியும் அவருக்கே போயிருக்கிறது. இந்த அம்மாவிடம் கேட்டபோதெல்லாம் "பரிசீலனையில் இருக்கு" என்ற பதில்தான். மகன் இருப்பதால் கிடைக்காது என்று அலுவலகத்தில் யாரோ வாயால் சொன்னதையும் அவர் நம்பிவிட்டார். நிராகரிப்பதற்குக் காரணம் இருந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தில் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் வாதாடுவது?

இதைவிட என்னை அதிகம் உறுத்தியது அவர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியம். "பெரிய மனுசங்க யாராச்சும் சொன்னாத்தானே கொடுப்பாங்க." படித்தவர்களும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "எல்லாம் இலவசம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க." இரண்டும் ஒரே தப்புத்தான். இரண்டு பேருமே இந்தப் பணம் யாரோ ஒருவரின் தாராள மனசிலிருந்து வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதுமையிலும் நோயிலும் உடல் ஊனத்திலும் தன் சக்திக்கு உட்பட்டு உதவுவது அரசின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு சொல்கிறது. நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023-இல் 1,200 ரூபாயானது. எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின, திட்டம் இருக்கிறது. எந்தக் கட்சிக்காரரும் தன் வீட்டுப் பீரோவிலிருந்து எடுத்துத் தருவதில்லை. அந்த அம்மா வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறார். வயசுக் காலம் முழுக்கச் சேற்றில் நின்று நாற்று நட்டவர். அவர் எழுதும் மனுவில் 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று எதற்கு இருக்க வேண்டும்? 'தகுதி இருக்கிறது, வழங்கவும்' என்று எழுதினால் போதும். மனு எழுதித் தருகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ரேஷனும் அப்படித்தான். சத்துணவு, அங்கன்வாடி, ரேஷன் உள்ளிட்ட உணவுத் திட்டங்களைச் சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையாக 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அந்த வழக்கைப் போட்டது மக்கள் சிவில் உரிமைக் கழகம், ஒரு குடிமக்கள் அமைப்பு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல்தான் வந்தது. நாற்று நட்டுத் தேய்ந்த விரல் மெஷினில் பதியவில்லை என்பதற்காக அரிசி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் அங்கேயே கேளுங்கள்.

இப்போது சங்கங்கள், மன்றங்கள், தொண்டு நிறுவனங்கள் நடத்துகிறவர்களிடம் வருகிறேன். கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு செய்யாததை நாங்கள் செய்கிறோம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு லாரி லாரியாகப் பொருள் வந்தது. மனசு நிறைந்த உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெயின் ரோட்டு ஓரத்தில் இருந்தவர்களுக்கே திரும்பத் திரும்பப் போர்வையும் பிஸ்கட்டும் கிடைத்தன. உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகள் காத்திருந்தன. அதே நாட்களில் சில பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போனார்கள். விழுந்த குடிசை எது, செத்த மாடு எத்தனை, யாருடைய தென்னை எவ்வளவு என்று எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பெயர்களை மனுவாகக் கொடுத்தார்கள். பின்னாளில் நிவாரணம் கேட்டு என்னிடம் வந்த வழக்குகளில் கைகொடுத்தது அந்த நோட்டுத்தான். ஒரு அரிசிப் பை பத்து நாள் வரும். பட்டியலில் ஏறிய பெயர்தான் வீடாகவும் கன்றாகவும் திரும்பி வரும்.

இந்த மண்ணுக்கு இது புதுசா என்ன? பண்ணையார்கள் கூலியாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக, கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் கஞ்சித் தொட்டி வைத்துவிட்டு ஓயவில்லை. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது. காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் நிலமில்லாத தலித் பெண்களின் பெயரிலேயே பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே எழுதியது. இவர்கள் யாரும் அரசின் வேலையைத் தாங்கள் வாங்கிச் செய்துகொண்டிருக்கவில்லை. அரசைச் செய்ய வைத்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அசல் ரேஷன் கார்டையோ ஆதாரையோ யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். விண்ணப்பத்தில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். போன் இல்லையென்றால் மகளுடையதைப் போடுங்கள், இடைத்தரகருடையதை ஒருபோதும் வேண்டாம். ஓடிபி-யைச் சொல்லாதீர்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்ப எண் உள்ள தாளை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு அதை மட்டும் கொடுங்கள். வீட்டுக்கு வந்து பணம் தரும் வங்கி முகவர் ஐம்பது ரூபாய் பிடித்தால், எதற்கு என்று ரசீது கேளுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை கொடுக்கும் மனுவுக்கும் எண் உண்டு, அதையும் பத்திரப்படுத்துங்கள். பதிலே வரவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் என் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள், தாயே. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள்.

மன்றத்துத் தம்பிகளே, அடுத்த முறை அரிசியோடு ஒரு நோட்டும் கொண்டு போங்கள். உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் கிடைக்காதவர்கள் யார் என்று தெருவாரியாக எழுதுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. அந்தப் பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், நகலுக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்து அதற்கும் ஒப்புகை வாங்குங்கள். அந்த நகலோடு வந்தால் மேற்கொண்டு எழுத வேண்டியதை நான் எழுதித் தருகிறேன்.