கையில் கை வைத்துச் செய்யும் ஒப்பந்தம்

கி.பி. 632-இல் கலீஃபாவாக, அதாவது நபிகளுக்குப் பின் முஸ்லிம்களின் தலைவராகத் தேர்வான அபூபக்ர் (ரலி), மதீனா பள்ளிவாசலில் மக்கள் முன் நின்று சொன்னது இதுதான்: நான் உங்களில் சிறந்தவன் இல்லை. சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள். இறைவனுக்கும் தூதருக்கும் நான் கட்டுப்படும் வரைதான் நீங்கள் எனக்குக் கட்டுப்பட வேண்டும்.

இஸ்லாம் சொல்லும் ஆட்சி எப்படி இயங்க வேண்டும் என்பது இந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. பதவி ஓர் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். யாருடைய சொத்தும் அல்ல. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படையுங்கள் என்று சொல்லும் அதே வசனம் (குர்ஆன் 4:58), மனிதர்களிடையே நீதியாகத் தீர்ப்பளியுங்கள் என்றும் சொல்கிறது. முஸ்லிம்களிடையே என்றல்ல, மனிதர்களிடையே! அடுத்து ஷூரா, அதாவது கலந்தாலோசனை (42:38). அப்புறம்தான் பைஅத். கையில் கை வைத்துச் செய்யும் இந்த உறுதிமொழியின் பெயரும், வியாபாரத்தைக் குறிக்கும் 'பைஉ' என்ற அரபுச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. வியாபாரம் என்றால் இரண்டு தரப்பும் சம்மதிக்க வேண்டும் அல்லவா? மக்கள் தருவது கீழ்ப்படிதல், ஆள்பவர் தர வேண்டியது நீதி. நீதித்தன்மையை இழந்தவர் தலைமைக்குரிய தகுதியையே இழக்கிறார் என்று 11-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மாவர்தி எழுதி வைத்தார்.

நடைமுறை பல நூற்றாண்டுகள் வேறாக இருந்தது உண்மை. உமையா வம்சத்தின் காலத்திலேயே ஆட்சி வாரிசுகளுக்குப் போய், பைஅத் பெரும்பாலும் சடங்காகிவிட்டது. ஆனாலும் அளவுகோல் அழியவில்லை.

தீவிரவாதிகள் உடைப்பது அந்த அளவுகோலைத்தான். 657-இல் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த சிஃப்பீன் போரை நிறுத்த நான்காம் கலீஃபா அலீ (ரலி) மத்தியஸ்தத்துக்கு ஒப்பியபோது, 'தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே' என்று முழங்கிப் பிரிந்தவர்கள் காரிஜியாக்கள். சொல் உண்மை, நோக்கம் பொய் என்றார் அலீ. அவர்களுடைய தர்க்கத்தைப் பாருங்கள்: ஆட்சி இறைவனுடையது, அவன் சட்டம் எங்களுக்கே தெரியும், எங்களை மறுப்பவன் காஃபிர், அதாவது இறைமறுப்பாளன். காஃபிர் என்று முத்திரை குத்திய பிறகு அவனிடம் சம்மதம் கேட்க வேண்டியதே இல்லை! தக்ஃபீர் என்ற அந்த ஒரே அடியில் ஷூராவும் பைஅத்தும் காணாமல் போகின்றன. அலீயை 661-இல் கூஃபா பள்ளிவாசலில் வெட்டியவனும் ஒரு காரிஜிதான்.

2014 ஜூனில் ஐஎஸ் என்ற தீவிரவாத அமைப்பு கிலாஃபத்தை, அதாவது கலீஃபாவின் ஆட்சியை அறிவித்ததும் இதே வழியில்தான். சில மாதங்களில், உலகெங்கும் இருந்து 120-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் அதன் தலைவர் அல்பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதில் பைஅத்தின் அடிப்படைக் கேள்வியையே வைத்தார்கள்: இந்தச் சமுதாயத்தின் மீது உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?