இரவு பத்து மணி ஊசி

"கடைசி ஊசியை இரவு சரியாகப் பத்து மணிக்குப் போட வேண்டும் என்று செவிலியர் மூன்று முறை சொன்னார், பத்தரைக்குப் போட்டால் என்ன ஆகிவிடும்?" என்று ஐ.வி.எஃப் சிகிச்சைக்குத் தயாராகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பத்து நாட்கள் போல ஹார்மோன் ஊசிகள் போட்டுச் சினைப்பையில் கருமுட்டையைத் தாங்கும் சிறு நீர்ப்பைகளான நுண்ணறைகள் பலவற்றை ஒருசேர வளர்ப்பதும், அவற்றை ஸ்கேனில் அளப்பதும் பலரும் அறிந்தவை. நுண்ணறை பெரிதான பிறகும் அதனுள் இருக்கும் கருமுட்டை உறக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருந்தபோது தொடங்கிய குன்றல் பகுப்பு (குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பிரிவு) பாதியில் நின்று, முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளாக அப்படியே காத்திருக்கிறது.

அதை நிறுத்தி வைத்திருப்பவை சுற்றியுள்ள செல்கள். அவை சைக்ளிக் ஜி.எம்.பி என்னும் சிறு மூலக்கூறை உண்டாக்கி, நுண்ணிய கால்வாய்கள் வழியே முட்டைக்குள் ஓயாமல் அனுப்புகின்றன. அது அங்கே ஒரு நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. அந்த நொதி சிதைக்க வேண்டிய சைக்ளிக் ஏ.எம்.பி என்னும் இன்னொரு மூலக்கூறு குறையாமல் இருக்கும்வரை பகுப்பு நகராது. கடைசி ஊசியில் பெரும்பாலும் இருக்கும் ஹெச்.சி.ஜி என்னும் ஹார்மோன், முட்டையை முதிரவைக்கும் உடலின் எல்.ஹெச் ஹார்மோனைப் போலவே வேலை செய்து, சுற்றுச் செல்கள் சைக்ளிக் ஜி.எம்.பி உண்டாக்குவதைக் குறைக்கிறது. உடனே முட்டைக்குள் இருந்த சைக்ளிக் ஜி.எம்.பி, வந்த கால்வாய்களின் வழியாகவே வெளியே வடிந்துவிடுகிறது! கட்டவிழ்ந்த நொதி தன் வேலையைத் தொடங்க, முட்டை விழித்துக்கொண்டு, பாதிக் குரோமோசோம்களை வெளியேற்றிவிட்டு, விந்தணுவுக்காக மறுபடி ஓரிடத்தில் நிற்கிறது.

இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது என்பதை 1965இல் ஐ.வி.எஃப் முன்னோடி ராபர்ட் எட்வர்ட்ஸ் காட்டினார். 2010இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விந்தணுவோடு வெளியே சேர்ப்பதற்காக முட்டையை உடலிலிருந்து மிக முன்னதாக எடுத்தால் அது முதிர்ந்திருக்காது. மிகவும் தாமதித்தால் நுண்ணறை வெடித்து, முட்டை கைக்கு எட்டாமல் போய்விடலாம். ஆகவே பொதுவாக ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில் எடுக்கும்படி, அறுவை அரங்கின் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் "பத்து மணி" என்கிறார்கள்.

அரை மணி நேரம் பிந்தியதாலேயே எல்லாம் கெட்டுவிடாது. பயந்துகொண்டு "பத்துக்கே போட்டோம்" என்று சொல்வதுதான் கணக்கைக் குலைக்கும், ஏனெனில் உண்மையான நேரம் தெரிந்தால் முட்டை எடுக்கும் நேரத்தை மருத்துவர் மாற்றியமைக்க இடமுண்டு.

இவ்வளவையும் தம்பதியருக்குக் கடைசி நாளில், கையில் ஒரு தாளைக் கொடுத்து அவசரமாக ஒப்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே இருவரையும் உட்கார வைத்து விளக்க வேண்டும்; வீட்டில் ஊசி போடப்போவது கணவர் என்றால் அவர் கையால் ஒருமுறை செய்து பழக வேண்டும். சில வகை ஊசிகளில் மருந்து தூளாகவும் நீர் தனியாகவும் வரும். தூளைக் கலக்க மறந்து, வெறும் நீரை மட்டும் சரியாகப் பத்து மணிக்குப் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.