திரையிடலா, சல்லடையா?

அம்பாசமுத்திரத்துப் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம். 1817-இல் இந்த நோயை விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் பெயரால் பார்க்கின்சன் நோய் என்பார்களே, அதுதான். போன மாதம் வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து அவர் செல்போனுக்கு ஒரு தமிழ்ப் படிவம் வந்தது. தலைப்பு, 'தொலைதூரப் புலனுணர்வுத் திரையிடல்'. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை வாசித்தார். "ஏல, என்ன படம் போடுதானுவ?"

ஆங்கிலத்து ஸ்கிரீனிங்கைத்தான் திரையிடல் ஆக்கியிருக்கிறார்கள். புற்றுநோய்த் திரையிடல், சர்க்கரைத் திரையிடல் என்று இந்தச் சொல்லை நோட்டீஸ் நோட்டீஸாகப் பார்த்துச் சலித்துவிட்டது. ஸ்கிரீன் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் நெருப்பின் வெக்கையை மறைக்கும் தட்டி. பிறகு தானியமும் கரியும் சலிக்கும் சல்லடை. சினிமாத் திரை கடைசியில் வந்தது. மருத்துவர் மனதில் இருப்பது சல்லடை. மொழிபெயர்த்தவர் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

'புலனுணர்வு'ம் தப்பு. கண்ணும் காதும் தோலும் உணர்வதற்குத்தான் அந்தப் பெயர். இங்கே பார்ப்பது கவனம், திட்டமிடல், சொல் தேடல், கணக்கு, அதாவது அறிதிறன். 'மறதிச் சோதனை' என்று எளிமையாக்குகிறவர்களும் உண்டு. நடுக்குவாதத்தில் பலருக்கு முதலில் தடுமாறுவது கவனமும் திட்டமிடலும்தான். தன் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று பெரியப்பா இன்றும் சொல்வார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் 86-இல் நின்றுவிடுகிறார்.

சரி, ஸ்கிரீனிங்குக்கு என்னதான் சொல்? தமிழாசிரியரான நண்பர் ஒருவரோடு ஒரு வாரம் சண்டை. 'வடிகட்டல்' என்றார். காப்பியை வடிகட்டினால் சக்கை குப்பைக்குப் போகும். போகட்டும், அறிவைச் சோதிக்கிற இடத்தில் அந்தச் சொல்லை வைத்தால் 'வடிகட்டின முட்டாள்' நினைவுக்கு வராதா? உடனே 'கண்டறிசோதனை'க்குத் தாவினார். இதுதான் பெரிய ஆபத்து. கண்டறிதல் என்றால் இன்ன நோய் என்று முடிவு சொல்வது. இந்தச் சோதனை முடிவு சொல்வதில்லை. பரவலாகப் பயன்படும் மொன்றியல் அறிதிறன் மதிப்பீட்டுக்கு மொத்தம் 30 மதிப்பெண். 26-உம் அதற்கு மேலும் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். 26-க்குக் கீழே போனால் நோய் என்று பொருளில்லை, மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்றுதான் பொருள். பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பெரியப்பா புளியங்கொட்டை அளவில் வரைந்து கேமராவுக்கு நேரே பிடித்தார். கையெழுத்து சிறுத்துப்போவது இந்த நோயின் குணம். முள் கோணியது மூளையாலா விரலாலா என்று வீடியோவில் பார்த்து யார் சொல்வது? தொலைபேசியில் நடத்தும்போது வரையும் பகுதியே கிடையாது, மொத்தம் 22 மதிப்பெண்தான். இதைப் போய்க் கண்டறிதல் என்கிறார்!

அடுக்களைச் சொற்களையும் எடுத்துப் பார்த்தேன். சலித்தலைப் பெயராக்கினால் சலிப்பு, அரித்தலுக்கு அரிப்பு. பெரியம்மா சுளகில் உளுந்து புடைக்கும் அழகுக்காகப் 'புடைப்பு' என்று வைக்கலாமென்றால், யாரோ தலையில் முட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. மிஞ்சியது சல்லடை. 'சல்லடைச் சோதனை' என்றால் குழப்பமில்லை. சல்லடைக்குக் கண் உண்டு. கண் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்துத்தான் எது நிற்கும், எது விழும் என்பது. 26 என்பது இந்தச் சல்லடையின் கண். "போலீஸ்தானே சல்லடை போட்டுத் தேடும்?" என்று நண்பர் மடக்கினார். தேடட்டுமே.

'தொலைதூர' என்பதும் உறுத்துகிறது. யாருக்குத் தொலைவு? பெரியப்பா தன் வீட்டுத் தார்சாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். தொலைவில் இருப்பது ஆஸ்பத்திரி. 'வீட்டிலிருந்தபடி' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்க்கிறவர்கள் எழுதியதை ஒரு தடவையாவது நோயாளி வீட்டில் வாய்விட்டு வாசித்துக் காட்டவேண்டும்.

நான் வாசித்துக் காட்டினேன். படிவத்தின் தலைப்பை அடித்துவிட்டு, 'வீட்டிலிருந்தபடி அறிதிறன் சல்லடைச் சோதனை' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் மதிப்பெண் 24.

"அப்பம் நான் சல்லடைக்கு மேல நிக்கேனா, கீழ விழுந்துட்டேனா?"

மேலேதான் நிற்கிறீர்கள் பெரியப்பா, அதனால்தான் வருகிற வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். பஸ்ஸா ரயிலா என்று அடுத்த கேள்வி வந்தது.