அந்த 17-ஐ இனியாவது விட்டுவிடுங்கள்

போன வாரம் இன்னொரு கொள்கை வரைவு கருத்துக் கேட்டு வந்தது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு வீடு, பள்ளி, வேலை என்று எல்லாம் சேர்த்து நாற்பது பக்கம். முதல் பக்கத்திலேயே மூன்றாவது வரி: “ஓர் அகதி சராசரியாக 17 ஆண்டுகள் முகாமில் வாழ்கிறார்.” மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். இந்த வரியோடு வந்த வரைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன் ஒரு காலத்தில். இப்போது எண்ணுவதில்லை.

இடம்பெயர்ந்தோர் பற்றிய கணக்கெடுப்புகளுக்குப் படிவம் தயாரிப்பதும், வந்த முடிவுகளைக் கொள்கை எழுதுகிறவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும்தான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 17 எங்கிருந்து வந்தது? ஐ.நா. அகதிகள் முகமை 2004-இல் நீடித்த அகதி நெருக்கடிகள் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. 25,000 பேரோ அதற்கு மேலோ ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வளரும் நாடுகளில் அகதிகளாகத் தங்கியிருந்தால் அதை நீடித்த பெரும் நெருக்கடி என்று எடுத்துக்கொண்டார்கள். நீடித்தவையோ இல்லையோ, பெரிய அகதி நெருக்கடிகளின் சராசரி வயது 1993-இல் 9 ஆண்டு, 2003-இல் 17 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். நெருக்கடியின் வயது, ஐயா! ஆள் காத்திருந்த காலம் இல்லை. முகாமுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு மருத்துவமனை கட்டி 60 ஆண்டு ஆகிறது. உள்ளே படுத்திருக்கும் நோயாளி 60 ஆண்டாகப் படுத்திருக்கிறார் என்று யாராவது எழுதுவோமா? நேற்று சேர்ந்தவரும் அதே கட்டிலில்தான் இருக்கிறார்.

உலக வங்கியின் ஆய்வாளர்கள் இரண்டு பேர் 2016-இல் உட்கார்ந்து இதை ஒழுங்காகக் கணக்குப் போட்டார்கள். 2015 முடிவில் அகதிகளாக இருந்தவர்கள் அதுவரை கழித்த காலம் சராசரியாக 10.3 ஆண்டு. இடைநிலை அளவு 4 ஆண்டு. அதாவது பாதிப் பேர் வந்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆகவில்லை. மிகப் பழைய நெருக்கடிகளில் மாட்டிக்கொண்டவர்கள் சராசரியை மேலே இழுக்கிறார்கள்.

சரி, 10.3 என்று மாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புதிதாக ஒரு போர் மூண்டு பத்து லட்சம் பேர் இந்த மாதம் எல்லை தாண்டினால், அவர்கள் காத்திருந்த காலம் பூச்சியம் என்று கணக்கில் சேரும், சராசரி மளமளவென்று இறங்கும். பேரழிவு நடந்த ஆண்டில் எண் அழகாகத் தெரியும். “காத்திருப்புக் காலம் குறைந்திருக்கிறது, நம் திட்டங்கள் பலன் தருகின்றன” என்று ஒருவர் கூட்டத்தில் பேசியதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்னும் மோசம், சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடி ஒளிந்தவர்களுக்கும் இதே 17-ஐ ஒட்டுகிறார்கள். 2024 முடிவில் உலகில் கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர் என்கிறது அகதிகள் முகமை. அவர்களில் பத்துக்கு ஆறு பேர் எல்லையைத் தாண்டவே இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இவர்களைத் தொடாது. அந்த 17-இலும் இவர்கள் இல்லை.

ஓர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். 17 என்றதும் வாசிக்கிறவர் மனதில் முள்வேலி போட்ட நிரந்தர முகாம்தான் எழும். உண்மையில் அகதிகளில் பெரும்பாலானவர்கள் முகாமில் இல்லை. வாடகை அறைகளில், உறவினர் வீடுகளில், கட்டி முடிக்காத கட்டடங்களில் இருக்கிறார்கள். முகாமை வைத்து எழுதிய கொள்கையில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். வந்த முதல் சில ஆண்டுகளில் செய்தே ஆகவேண்டியவை, அதாவது பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் வேலை செய்ய அனுமதி தருவதும், முப்பத்தைந்தாம் பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “முடிவு எடுத்தாச்சு, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ஆய்வு இருந்தா அனுப்புங்க.” இதற்கு ஆய்வு எதற்கு? முத்திரைக் கட்டை போதுமே!

கேள்வியை முன்னால் வைத்து ஆய்வை நடத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு லெபனானைச் சொல்வேன். 2013-14 குளிர்காலத்தில் மலைப்பகுதியில் இருந்த சிரிய அகதிக் குடும்பங்களுக்கு, அடுப்பெரிக்கவும் குளிர் தாங்கவும் என்று பணம் கொடுத்தார்கள். 500 மீட்டர் உயரத்துக்கு மேல் இருந்தால் பணம் உண்டு, கீழே என்றால் இல்லை. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது சர்வதேச மீட்புக் குழு என்ற தொண்டு நிறுவனம். பணம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போயிருந்தது. வீணடித்ததற்கோ, கடைகளில் விலை ஏறியதற்கோ சொல்லும்படியான ஆதாரம் இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்திருந்தது. “பணமாகக் கொடுத்தால் அழித்துவிடுவார்கள்” என்று இன்றும் சொல்கிறவர்கள் இதை வாசிக்கவில்லை. குளிருக்குக் கொடுத்த பணத்தில் சோறு வாங்கினார்களே என்று குறைப்பட்டவர்களும் உண்டு. வயிறு காய்ந்தவனிடம் போய் அடுப்பு வாங்கவில்லையா என்று கேட்கலாமா?

ஜோர்டான் இன்னொரு பாடம். 2016-இல் சிரியர்களுக்கு இரண்டு லட்சம் வேலை வாய்ப்புகள் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அனுமதிச் சீட்டுக் கட்டணத்தைக்கூடத் தள்ளுபடி செய்தார்கள். ஆனாலும் தொடக்கத்தில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சீட்டு ஆளை ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டிருந்தது. அந்த மக்களோ இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு கட்டட வேலை என்று பிழைப்பவர்கள். ஆயத்த ஆடை ஆலைகள் வீட்டிலிருந்து தூரம், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பெண்கள் எப்படிப் போவார்கள்? பிறகு விவசாயத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும், கட்டட வேலையில் தொழிற்சங்கம் வழியாகவும் சீட்டு கிடைக்க வழி செய்த பிறகுதான் நிலைமை இளகியது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வுகூட வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களிடம் முன்னாலேயே நாலு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கேட்பது என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை 84 கேள்விப் படிவத்தோடு ஒரு கூடாரத்துக்குப் போனோம். எங்கள் கணக்கெடுப்பாளர் இளைஞர், புதியவர். “ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க அம்மா?” என்றார். அந்த அம்மா பதில் சொல்லாமல் தலைமாட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, ஓரம் மடிந்த நான்கு தாள்களைப் பாயில் பரப்பினார். நான்கும் முன்பு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஒப்புதல் சீட்டுகள், அந்த ஒரே ஆண்டில். “இவங்களும் இதைத்தான் கேட்டாங்க தம்பி. குறைச்சுச் சொன்னா கூட்டித் தருவீங்களா, கூட்டிச் சொன்னா குறைச்சுடுவீங்களா? அதைச் சொல்லு, அதுக்கேத்தபடி சொல்றேன்.” அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். அன்று மாலையே 84-ஐ 29 ஆக வெட்டினோம். மீதியெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் கணினியில் தூங்கிக்கொண்டிருந்தது.

எனவே, புதிய கணக்கெடுப்புக்குப் பணம் ஒதுக்கும் முன் பழையதைத் தேடுங்கள். அகதிகள் முகமையும் உலக வங்கியும் சேர்ந்து நடத்தும் கூட்டுத் தரவு மையம் கோபன்ஹேகனில் 2019-இலிருந்து இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். “ஊருக்குத் திரும்பிப் போவீர்களா?” என்ற கேள்வியைச் சீருடைக்காரர் வாசலில் நிற்கும்போது கேட்காதீர்கள், வரும் பதிலுக்கு மதிப்பில்லை. எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே யாரை எண்ணியது, எந்த ஆண்டு, யாரை விட்டது என்று மூன்றையும் எழுதுங்கள். எழுத முடியவில்லையா, எண்ணை எடுத்துவிடுங்கள்.

பெயர், கைரேகை, பிறந்த ஊர் வாங்குகிறவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று கையெழுத்து வாங்கும் முன்பே, அவர்கள் மொழியிலேயே சொல்லிவிடுங்கள். ரோஹிங்கியர்களிடம் அகதிகள் முகமை திரட்டிய விவரங்கள் அவர்கள் தப்பி வந்த மியான்மர் அரசின் கைக்கே போனதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2021-இல் குற்றம் சாட்டியது. ஒப்புதலோடுதான் செய்தோம் என்றது அகதிகள் முகமை. ஒப்புதல் என்று நாம் எதை எழுதிக்கொள்கிறோம், எதிரே இருப்பவர் எதைப் புரிந்துகொண்டு தலையாட்டுகிறார் என்று யோசித்தாலே எனக்குத் தூக்கம் வராது.

அந்த வரைவுக்குப் பக்கம் பக்கமாகக் கருத்து எழுதி அனுப்பினேன். எழுதிய நண்பர் கூப்பிட்டார். “17 தப்புன்னா சரி சார், விட்டுடலாம். அதுக்குப் பதிலா எதைப் போடறது? கொஞ்சம் பெரிய நம்பரா இருந்தா நல்லாருக்கும்.” யாரைப் பற்றிய வரி என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். பார்த்துவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்.

திருத்திய வரைவு நேற்று வந்தது. 17 இல்லை. அந்த இடத்தில் “சராசரியாக மிக நீண்ட காலம்” என்று இருக்கிறது.