ஜன்னலோரம் யார் உட்கார வேண்டும்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம். இரண்டாவது மாடி, பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். "உள்ள பச்சையா ஏதாவது செஞ்சு குடுங்க தம்பி, பிள்ளைகள் சாயங்காலம் ஆனா தலைவலிங்குதுக" என்று முதலாளி கூப்பிட்டிருந்தார்.

போனதும் நான் செடி வைக்க இடம் தேடவில்லை, ஜன்னலைத் தேடினேன். தெருப்பக்கம் முழுக்க ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அடித்து மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே பெரிய ஜன்னல் வடக்குப் பக்கம், ஒரு வேப்பமரத்தைப் பார்த்தபடி, முதலாளியின் கேபினுக்குள் இருந்தது. அவர் பாதி நாள் வெளியில் அலைகிறவர். பன்னிரண்டு பேரும் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழு வரை ட்யூப்லைட்டுக்குக் கீழே.

அலுவலக உள்ளலங்காரம்தான் என் தொழில். பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் நான் பார்த்த அலுவலகங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். இயற்கை வேண்டும் என்கிறார்கள். இருக்கிற இயற்கையை மூடிவிட்டு, பிளாஸ்டிக் புல்லைச் சுவரில் ஒட்டச் சொல்கிறார்கள்.

மரம் தெரிகிற ஜன்னல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அது நோயாளிகளைப் பற்றியது, அலுவலகத்தைப் பற்றியது அல்ல. ஆனால் உடம்பு ஒன்றுதானே? ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அந்த மேசை முன்னால்தான் கழிகிறது.

வெளிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ட்யூப்லைட் போட்ட மேசையில் 300 முதல் 500 லக்ஸ் வரை கிடைக்கும். நம் ஊரில் பகலில் மரநிழலில் நின்றாலே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். இது பகல், இது இரவு என்று உடம்பு தெரிந்துகொள்வது வெளிச்சத்தின் அளவை வைத்துத்தான். பகல் முழுக்க மங்கலில் இருந்துவிட்டு, இரவில் தூக்கம் வரவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

"ஏசி போட்டாச்சே தம்பி, அப்புறம் ஜன்னல் எதுக்கு?" என்று கேட்டார் முதலாளி. நாம் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. பன்னிரண்டு பேர் விட்ட மூச்சு அங்கேயே தங்கி, கார்பன் டை ஆக்சைடு ஏறி, மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது, தலை கனக்கிறது. காலையில் ஏசி போடுவதற்கு முன் அரை மணி நேரம், சாப்பாட்டு வேளையில் இருபது நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பைசா செலவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பேப்பரை எல்லாம் தூக்கிக்கொண்டு போகும், தூசியும் வரும், அது உண்மைதான். அந்த மாதங்களில் மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, மேலே இருக்கிற வென்டிலேட்டரை மட்டும் திறந்தால் போதும்.

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படையான, 1989-இல் நாசா செய்த சோதனை, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. 2019-இல் இத்தகைய சோதனைகளை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை என்று வந்தது. கண்ணுக்காகவும் மனசுக்காகவும் வையுங்கள், அதுவே பெரிய காரணம். மருள் (ஸ்னேக் பிளான்ட்), மணி பிளான்ட் இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் தாங்கும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். அதை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரை முன்பே சொல்லி வைத்துவிட வேண்டும்.

சரி, அந்த அலுவலகத்துக்கு வருகிறேன். கேபினை உள்பக்கம் தள்ளி, ஜன்னலோரத்தைப் பணியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு வாரம் யோசித்தார். அவர் ஊர் வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருகிற முன்கூடமான தார்சாவில் உட்கார்ந்துதான் கணக்குப் பார்ப்பாராம் அவருடைய அப்பா. அதைச் சொல்லிக்கொண்டே சம்மதித்தார்.

மே மாதம் ஒரு சிக்கல் வந்தது. வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்பார்கள், நமக்கு அது சரியாக வராது. நாம் எட்டே முக்கால் டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். நாலு மணி வெயில் சாய்வாக வந்து கம்ப்யூட்டர் திரையில் கூசியது. ஜன்னலின் மேற்கு ஓரத்தில் செங்குத்தாக ஒரு மூங்கில் தட்டி கட்டினோம், கூச்சம் நின்றது.

அக்டோபரில் ஒரு மத்தியானம் போயிருந்தேன். வானம் கறுத்து, வேம்பு ஆட ஆரம்பித்தது. ஜன்னலோரம் இருந்த அக்கா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். "ஏளா, மாடியில துணி கெடக்கு, மழை வருது, எடுத்துரு."