ஓடிவிட்டது என்றால் குண்டு படவில்லை என்று அர்த்தமில்லை

"சுட்ட சத்தம் கேட்டுச்சு டாக்டர், ஆனா படல. அது பாட்டுக்கு ஓடிடுச்சு." ஏற்காடு மலையில் செத்துக் கிடக்கும் காட்டுமாட்டை (காட்டெருமை என்றும் சொல்வார்கள்) பிரேதப் பரிசோதனை செய்யப் போகும்போதெல்லாம், சுற்றி நிற்பவர்களில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். போன வாரமும் சொன்னார்கள். வயிற்றைத் திறந்தால் இரைப்பைக்குள் ஈயக்குண்டு, வயிறு முழுக்கச் சீழ். குண்டு பட்டுச் சில நாள் கழித்துத்தான் அது செத்திருக்கிறது. அத்தனை நாளும் காப்பிச் செடிகளுக்குள் நின்றிருக்கிறது. பக்கத்திலேயே பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

குண்டு பட்டால் விலங்கு நின்ற இடத்திலேயே விழும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால்தான் அப்படி விழும். இதயமே கிழிந்தாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வைத்துப் பத்துப் பதினைந்து நொடி ஓட முடியும். அதற்குள் 100 மீட்டர் தாண்டிவிடும். துள்ளிக் குதித்துக் கண்மண் தெரியாமல் பாய்ந்தால் பெரும்பாலும் நெஞ்சில் பட்டிருக்கும். வயிற்றில் பட்டதோ வேறு மாதிரி. முதுகைக் கூனிக்கொண்டு, நாலு எட்டு வைத்து, நின்று, மெதுவாகப் புதருக்குள் போகும். பார்ப்பவருக்கு ஒன்றுமே ஆகாதது போலத் தெரியும். ஆனால் இரைப்பையில் இருப்பதெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். நான் பார்க்கும் சாவுகளிலேயே கொடுமையானது இதுதான்.

விழுந்துவிட்டதாலேயே செத்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். காட்டுமாட்டின் முதுகு மேட்டுக்குள் முதுகெலும்பின் நீண்ட முட்கள் நிற்கின்றன. அதில் குண்டு பட்டால் தண்டுவடம் அதிர்ந்து, மாடு பொத்தென்று விழும். சற்று நேரத்தில் எழுந்துவிடும். வளர்ந்த ஆண் 1000 கிலோ வரை இருக்கும். கத்தியோடு கிட்டே போனவர் திரும்பி வருவது அதன் கையில்தான் இருக்கிறது.

"ரத்தமே இல்லையே" என்பது அடுத்த வாதம். நாட்டுத் துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் மறுபக்கம் துளைத்து வெளியே வராது, ரத்தம் உள்ளேயே தேங்கும். ஆண் காட்டுப்பன்றிக்குத் தோள்பட்டையில் தடித்த தோல், அதற்கடியில் கொழுப்பு. துளை தானாகவே அடைத்துக்கொள்ளும். ரத்தம் கண்ணில் பட்டால் அதன் நிறத்தையாவது கவனித்துச் சொல்லுங்கள். நுரையோடு பளிச்சென்று சிவப்பாக இருந்தால் நுரையீரல், கறுத்த சிவப்பு என்றால் ஈரல், பச்சையாகச் சாண நாற்றம் அடித்தால் வயிறு. எங்களுக்கு அது பெரிய உதவி.

மயக்க ஊசியும் இப்படித்தான். ஊசி பட்டதும் விழாது, பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் "வேலை செய்யல, இன்னொன்னு போடுங்க" என்று கூட்டம் கத்த ஆரம்பித்துவிடும். கத்தக் கத்த விலங்கு மிரண்டு, மருந்து பிடிக்க இன்னும் தாமதமாகும். அமைதியாக இருங்கள், அதுவே போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமாடு முதல் பட்டியலில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். காயப்படுத்துவதும் வேட்டைதான், முயற்சி செய்வதும் வேட்டைதான். "படல" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பயிரைப் பன்றி அழித்தால் வயிறு எரியத்தான் செய்யும், எனக்கும் தெரியும். அதற்காக நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) எடுக்காதீர்கள், வனத்துறையிடம் போங்கள்.

நாகலூரோ மஞ்சக்குட்டையோ, எந்த ஊரானாலும் ராத்திரி வெடிச் சத்தம் கேட்டால் அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். விடிந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எஸ்டேட் மேஸ்திரிகளே, வனத்துறை வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் ஆளை அனுப்பாதீர்கள். ஆண் காட்டுமாடு தனியாகத் திரிவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் மேயாமல், ஆளைக் கண்டும் நகராமல், உடம்பில் ஓரிடத்தில் ஈ மொய்க்க ஒரே இடத்தில் நின்றால் அது அடிபட்ட மாடு. விரட்டாதீர்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். செத்துக் கிடந்தால் கறியைக் கூறு போடவே கூடாது. ஈயத் துகள் இறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறியிருக்கும். அதோடு, தானாகச் செத்த மாடு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்திருந்தால் அறுத்த கையோடே நோயும் வீட்டுக்கு வரும். நாய்களையும் கட்டி வையுங்கள். துரத்திப்போகும் நாய் அடிபட்ட மாட்டை நேராக உங்கள் வாசலுக்கே இழுத்துக்கொண்டு ஓடிவரும்.